தவளை கத்தாத குரல்

குவாலான் ரயில் நிலையத்துக்குக் கீழே, ஆற்றங்கரை
சான்டியாகோ திருநாளுக்கு முந்தின வாரம், ஜூலை 1954

என் கண்ணான பேரன் எவரிஸ்தோவுக்கு, மாதாவின் துணையோடு பாட்டி எவுலோகியா எழுதுவது. நீ சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது. நான் சுகம் என்று இனி யார் சொன்னாலும் நம்பாதே.

முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் அப்புறம். தபாலில் உனக்கு ஒரு கடிதம் வரும், ஒருவேளை வந்தும் இருக்கும். அதில் இருப்பது என் கையெழுத்துதான். ஊர் அமைதியாக இருக்கிறது, திருநாளுக்கு வந்துவிடு என்று அதில் எழுதியிருக்கும். வராதே. மெக்சிகோ பக்கமே இரு. எல்லைப் பாலத்தில் கால் வைக்காதே. மூட்டை கட்டியிருந்தால் அவிழ்த்து வை.

வராதே என்றால் ஏன் என்று கேட்கிற குடும்பம் இது. உன் தாத்தா அப்படித்தான், உன் அப்பனும் அப்படித்தான். பாதி சொல்லி விட்டால் மீதியைத் தெரிந்துகொள்ளவே நீ கிளம்பி வருவாய். அதனால் முழுவதும் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால், இரவுப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் போய்த் திட்டு. அது நீதான்.

நீ எல்லைக்கு அப்பால் தபச்சுலாவுக்கு வேலைக்குப் போனபோது சோளம் விதைக்கவில்லை. முதல் மழைக்கு உன் அப்பன் ஹிலாரியோ விதைத்தான். அமெரிக்க வாழைக் கம்பெனிக்காரன் வாழையும் நடாமல், ஒரு ஆட்டை மேயவும் விடாமல் வருஷக்கணக்காகப் புல் வளர்த்த நிலம் அது. அரசாங்கம் அதைப் பிரித்துக் கொடுத்தபோது நமக்கு விழுந்தது ஆற்றோரத் துண்டு. இது என் அப்பாவின் நிலம் என்று அன்றைக்குச் சொன்னேன். நீ சிரித்தாய். நீ சிரித்ததை நான் மறக்கவில்லை. ரயில் பாதை போட வந்தவர்கள் என் அப்பாவின் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தித்தான் அதை வாங்கிக்கொண்டார்கள். "இதுல என்னய்யா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். "ரயில் வந்தா உனக்கு ஓசிப் பயணம்னு எழுதியிருக்கு" என்றான் மேஸ்திரி. அப்பா சாகிற வரைக்கும் ரயிலில் ஏறவில்லை. அந்த மேஸ்திரியின் பேரன் இன்றும் பூசையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறான். அவன் தும்மினால்கூட நான் ஆசி சொல்வதில்லை.

அந்த நிலத்துக்கு மனு எழுதியவன் நீ. நம் ஊரில் நிலம் கேட்டவர்கள் எல்லாருடைய மனுவும் உன் அழகான கையெழுத்தில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஜூன் மழையோடு விமானங்கள் வந்தன. இறக்கையில் கொடி இல்லை, பெயர் இல்லை. முதலில் காகிதம் போட்டன, பிறகு குண்டு. ஊரார் அவற்றுக்கு "பேதி உப்பு" என்று பெயர் வைத்தார்கள். சத்தம் கேட்டவுடன் எல்லாருக்கும் வயிறு கலங்கி மறைவுக்கு ஓடுவதால் அந்தப் பெயர். "பேதி உப்பு வருதுடோய்!" என்று பொடியன்கள் கத்துவார்கள். சிரித்துக்கொண்டே ஓடுவோம். கடைக்காரி கசிமிரா ஒரு நாள் கழிப்பிடத்தில் இடம் கிடைக்காமல், "உள்ள யாரு? சீக்கிரம் வாங்க, எனக்கும் தேச பக்தி வருது" என்று கதவைத் தட்டினாள். எனக்கு அவளைப் பிடிக்காது, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

தண்டவாளத்தின் ஓரமாக விறகு சுமந்து வந்த பெனீத்தாவைச் சுட்ட அன்றைக்குச் சிரிப்பு நின்றது. விமானம் மாமர உயரத்துக்கு இறங்கியது. ஓட்டினவனின் முகம் எனக்குத் தெரிந்தது. நம் ஆள் இல்லை, வெயிலில் சிவந்துபோகிற முகம். அவன் கீழே குனிந்து பார்த்தான். அவள் தலையில் இருந்தது விறகு என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். விறகுக்கட்டு அவள் மேலேயே விழுந்து கிடந்தது.

விமானத்தைவிட எனக்குப் பயம் வானொலிதான். கசிமிரா கடையில் இருக்கிற பாட்டரிப் பெட்டி உனக்குத் தெரியும். சாயங்காலம் ஊரே அங்கே கூடும். "இது விடுதலைக் குரல். உங்கள் தாய்நாட்டின் அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து, கொட்டும் மழையில் நனைந்தபடி பேசுகிறோம்" என்பான் ஒருவன். தேன் ஊற்றுகிற மாதிரி குரல். எனக்கு முதல் நாளே ஏதோ நெருடியது. இரண்டாம் நாள் காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டேன். "ஏண்டி, இவன் பின்னால ஒரு தவளகூடக் கத்தலையே?" என்று பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் கேட்டேன். நம் காட்டில், ஜூன் மாதத்தில், மழையில் நின்று ஒருத்தன் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. இவனோ கோயிலில் வாசகம் படிக்கிற மாதிரி பேசுகிறான். "தவளையெல்லாம் மரியாதையா கேட்டுட்டிருக்கு போல, கெழவி" என்றான் கசிமிராவின் மகன் திபூர்சியோ. எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது.

குவாலானில் நம் சிப்பாய்கள், கையளவு ஆட்கள், எல்லை தாண்டி வந்த 'விடுதலை'க்காரர்களை அடித்து விரட்டினார்கள். துப்பாக்கிச் சத்தம் இங்கே கேட்டது. காயம்பட்டவர்களுக்குச் சோள ரொட்டி சுட்டுக் கொடுத்ததே நாங்கள்தான். ஜெயித்துவிட்டோம் என்று அந்தப் பையன்கள் எங்களிடம் சொன்னார்கள். அன்று சாயங்காலம் பெட்டி என்ன சொன்னது தெரியுமா? குவாலான் விழுந்துவிட்டது, ஆற்றில் பிணம் மிதக்கிறது, ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பக்கம் நடந்து வருகிறார்கள் என்றது. ஆறு எங்கள் வீட்டு வாசலில் ஓடுகிறது, எவரிஸ்தோ. எட்டிப் பார்த்தால் ஒரு வாழைமட்டைதான் மிதந்தது. இருந்தும் ஊர் மூட்டை கட்டியது.

நானும் ஓடினேன். தவளை இல்லை, பொய் என்று கண்டுபிடித்த நானே அவரைக்கொட்டைப் பானையைத் தூக்கிக்கொண்டு வாழைத் தோப்புக்குள் ஓடி, சேற்றில் உட்கார்ந்து நடுங்கினேன். பொய் என்று தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இத்தனை பெரிய பொய்யைச் சொல்ல இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் யார், அவனுக்கு இந்த ஆற்றங்கரையில் என்ன வேலை என்ற யோசனையில்தான் எனக்கு உதறலே வந்தது.

எங்கிருந்து பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஹோண்டுராஸ் என்கிறான் ஒருவன், நிக்கராகுவா என்கிறான் இன்னொருவன். பெட்டி எங்கே இருந்தாலும் அடுப்பு அமெரிக்காவில் எரிந்தது என்றான் உன் அப்பன். அவர்களுக்கு நம் மேல் என்ன கோபம் என்று கேட்டேன். "கோபமெல்லாம் இல்லம்மா. நாம புல்லுல சோளம் வெதச்சோம். இதப் பாத்து நாளைக்குப் பக்கத்து நாட்டுக்காரனும் வெதச்சிடுவான்னு பயம்" என்றான். இவ்வளவு பெரிய தேசம் நம் சோளத்துக்குப் பயப்படுமா என்று கேட்டேன். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனான்.

ஜூன் கடைசியில் ஜனாதிபதி விலகிவிட்டார் என்று பெட்டி சொன்னது. நாங்கள் நம்பவில்லை. அந்த முறை அது உண்மையாக இருந்தது.

பிறகு வந்தார்கள் விடுதலைக்காரர்கள். கோயில் முற்றத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு லெப்டினென்ட், மீசை முளைத்தும் முளைக்காத வயது, ஒவ்வொருத்தனிடமும் "நீ கம்யூனிஸ்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். கயெத்தானோ கிழவரை உனக்குத் தெரியும். காது மந்தம், கோயில் மணி அடிப்பவர். அவருக்கு அந்த வார்த்தை கம்யூனியன் என்று விழுந்திருக்கிறது, நாம் நாக்கில் வாங்கும் நற்கருணை. "ஆமாங்க எசமான்! ஞாயிறு தவறாம! எங்கம்மா காலத்துலேருந்து!" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி, பெருமையாக. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லெப்டினென்ட் சிரிக்கவில்லை. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். துப்பாக்கிக் கட்டையால் கிழவரின் வாயில் அடித்தான். அவர் கீழே விழுந்தும், ரத்தத்தோடு, "பாவசங்கீர்த்தனம் செஞ்சிட்டுத்தாங்க வாங்குவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் என்ன தப்பு சொன்னோம் என்று அவருக்குப் புரியவில்லை.

இரண்டாவது அடிக்குக் கட்டை உயர்ந்தபோது உன் அப்பன் வரிசையை விட்டு வெளியே வந்தான். "அவரு மணி அடிக்கிறவரு, விடுங்க. நிலக் கமிட்டிச் செயலாளர் நான்தான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. கடையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னான்.

அவனை ரயிலில் சரக்குப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். தினமும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். போன வாரம் திபூர்சியோ வீட்டுப் பின்பக்கமாக வந்தான். அவன் இப்போது சரக்கு ரயிலில் பிரேக்மேன். தலையைக் குனிந்துகொண்டு, மேலே வளைவுக்கு அப்பால் தண்டவாளத்தின் ஓரத்தில் கிடந்தது என்று உன் அப்பனின் தொப்பியைக் கொடுத்தான். தொப்பி இல்லாமல் உன் அப்பன் கொல்லைக்குக்கூடப் போக மாட்டான் என்று உனக்குத் தெரியும். தொப்பியைக் கழுவிக் காயவைத்தேன். இதோடு அனுப்புகிறேன். உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், உள்ளே துணி வைத்துக்கொள்.

இனி அந்தக் கடிதத்தின் கதை. நீ எழுதியது எனக்கு வந்தபோது உறை கிழிந்திருந்தது. சான்டியாகோ திருநாளுக்கு வரலாமா பாட்டி என்று நீ கேட்டிருந்ததை எனக்கு முன்னால் அவர்கள் படித்துவிட்டார்கள். அடுத்த நாள் லெப்டினென்ட் வீட்டுக்கு வந்தான். கூட ஒரு கிரிங்கோ, அமெரிக்க வெள்ளைக்காரன். சீருடை இல்லை, சாதாரண வெள்ளைச் சட்டை, வயலுக்கே லாயக்கில்லாத செருப்பு. அவன் வாயைத் திறக்கவில்லை. நான் கொடுத்த காபியை மட்டும் குடித்தான். ஆனால் லெப்டினென்ட் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பேசுகிறவனைவிடப் பேசாதவனிடம் எனக்கு அதிகப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

"பேரனுக்கு நாலு வரி எழுது பாட்டி" என்றான் லெப்டினென்ட். கரும்புச் சாறு மாதிரிக் குரல். "ஊரு அமைதியா இருக்கு, சோளம் நல்லா வந்திருக்கு, அப்பா உன்னப் பாக்கணும்ங்கிறாரு, கெளம்பி வான்னு எழுது."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க, சாமி. கைநாட்டுங்க" என்றேன்.

அவன் சுவரைக் காட்டினான். நான் எழுத்துக் கற்ற முதல் மாதத்தில், நீ கைதட்ட, கரித்துண்டால் அடுப்பு மேல் எழுதினேனே, எவுலோகியா என்று, இத்தனை பெரிதாக. அது என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "யாரு, உங்க வீட்டுப் பூனை எழுதினதா?" என்று கேட்டான். கிரிங்கோ முதல் தடவையாகச் சிரித்தான். அப்போதுதான் அவனுக்கு நம் பேச்சு முழுக்கப் புரிகிறது என்று தெரிந்தது.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். லெப்டினென்ட் அடுப்படியில் நின்ற உன் தங்கை பெத்ரோனிலாவைப் பார்த்தான். "இந்தப் பொண்ணுக்கு எழுதத் தெரியுமில்ல? அப்ப இவள எங்க முகாமுக்கு அனுப்பு. அங்க உக்காந்து நிதானமா எழுதட்டும்" என்றான். அவளுக்குப் பதினாலு வயது. நான் பென்சிலை வாங்கினேன்.

ஒவ்வொரு வரியையும் அவன் படித்தான். ஒரு புள்ளியைக்கூட நான் சொந்தமாக வைக்க முடியவில்லை. எழுதும்போதே எனக்குத் தெரிந்தது, நீ நம்புவாய் என்று. இது பாட்டியின் எழுத்து, கடைசி எழுத்துக்கு வால் நீளமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவாய். என் அப்பாவின் பெருவிரலை அவர்கள் வாங்கினார்கள். என்னிடமிருந்து, நீ கற்றுக்கொடுத்த எழுத்தையே வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்தவன் மாதிரி ஆகிவிட்டேன் நான். என் குரல் வருகிறது, ஆனால் நான் அங்கே இல்லை.

அவர்கள் போன பிறகு யோசித்து யோசித்து, கடைசியில் கசிமிரா வீட்டுக்குப் போனேன். அவளிடம் நான் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை, காரணம் உனக்குத் தெரியும். என் அம்மாவின் மூன்று கால் அம்மிக்கல்லை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனவள் திருப்பித் தரவே இல்லை. கடைக்குப் போவேன், பெட்டியைக் கேட்பேன், மற்றவர்களிடம் பேசுகிற மாதிரி அவளுக்குக் கேட்கப் பேசுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு நேராகவே பேசினேன்.

"ஏண்டி கசிமிரா, உன் மகன் ரயில் எதுவரைக்கும் போகும்?"

"தலைநகர் வரைக்கும். அங்கேருந்து எல்லைக்கு அவன் கூட்டாளி வண்டி போகுது. ஏன் கேக்குற, அம்மிக்கல்ல ரயில்ல ஏத்தப் போறியா?"

"கல்ல நீயே வெச்சுக்க. எனக்கு ஒரு பொண்ண ஏத்தணும்."

அவள் சோளமாவு ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்டாட்டி தங்கச்சின்னு சொல்லிடுவான். பாவாடைய மட்டும் மாத்திக் கட்டி அனுப்பு, அந்த ஊதா எல்லாருக்கும் தெரியும்" என்றாள். மாட்டிக்கொண்டால் தன் மகனுக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவே இல்லை. நான் அவளை மன்னிக்கவில்லை. ஆனால் கல்லைப் பற்றி இனி பேச மாட்டேன்.

ஆக, இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவள் உன் தங்கை. அவளைத் திருப்பி அனுப்பாதே. பயத்தில் அவள் சாப்பிட மாட்டேன் என்பாள். கோழி மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. அப்பாவைப் பற்றி அவளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. தொப்பியை எதற்கு எடுத்துப் போகிறோம் என்று கேட்டாள், அண்ணன் கேட்டான் என்றேன். நீதான் சொல்ல வேண்டும், மன்னித்துக்கொள். நீங்கள் இருவரும் அந்த விலாசத்தில் இருக்காதீர்கள். உன் உறையிலிருந்து அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். இன்றே வேறு தெருவுக்குப் போ.

நீயும் வா பாட்டி என்று பெத்ரோனிலா நேற்றிலிருந்து அழுகிறாள். முடியாது. விடிந்ததும் நம் வீட்டுக் கூரையில் புகை எழ வேண்டும். புகை இருந்தால் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று சாலையில் நிற்கிற சிப்பாய் நினைத்துக்கொள்வான். அவள் எல்லை தாண்டும் வரை அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொள்வேன். சோளமும் பூ விட்டிருக்கிறது, கிளிகளை ஓட்ட யாராவது வேண்டும்.

மறுபடி வந்து இன்னொரு கடிதம் எழுதச் சொல்வார்கள். எழுதுவேனோ மாட்டேனோ எனக்கே தெரியாது. நான் தைரியசாலி இல்லை, வாழைத் தோப்புச் சேற்றில் அதைத் தெரிந்துகொண்டேன். அதனால் ஒரு ஏற்பாடு. இப்போது மழை வலுத்திருக்கிறது. ஆற்றோரம் முழுக்கத் தவளைகள் தொண்டை கிழியக் கத்துகின்றன, எழுதுகிற எனக்கே என் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. இனி என் பேரில் எது வந்தாலும் அதில் முதலில் தவளையைத் தேடு. நானாக எழுதினால் எங்காவது ஒரு தவளை கத்தியிருக்கும். தவளை இல்லாமல், பாட்டி நலம், வா மகனே என்று எவ்வளவு அன்பாக எழுதியிருந்தாலும் அது அந்தப் பெட்டியின் குரல். அடுப்பில் போடு. ஒரு கடிதமும் வராமல் போனால் மழை இல்லை, தவளைகள் தூங்குகின்றன என்று தங்கையிடம் சொல். அவள் சின்னப் பெண், நம்புவாள்.

சுவரில் இருக்கிற பெயரை அழிக்கச் சொன்னாள் கசிமிரா. அழிக்கவில்லை. அது நீ சொல்லிக்கொடுத்தது.

மாதாவும், உன் அப்பனும், ஆற்றங்கரை நிலத்தைக் கொடுத்துவிட்டு ரயிலேறாமல் செத்த என் அப்பாவும் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்திருக்கட்டும். கூரை ஒழுகாத வீடாகப் பார்த்து எடு. ஜன்னல் பக்கம் தங்கையைப் படுக்க வை, வாசல் பக்கம் நீ படு. வராதே, என் தங்கமே. நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் வராதே.

இப்படிக்கு,
தவளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதும்
உன் பாட்டி எவுலோகியா